பெரட்டுக் களத்தில் கோராம்மா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேசிவிட்டேன். ஈப்போவில், நாற்பது பேருக்கு முன்னால், ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசிவிட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். அதனால்தான் முதல் வரியிலேயே எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது ஒரு பயணக் கட்டுரை. அமெரிக்க நாவலாசிரியர் கோரா வெல்பர்ன் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் வாழ்ந்த தோட்டத்தைப் பார்க்க நினைப்பவர்களுக்கு வேண்டிய வழி, கட்டணம், நேரம் எல்லாம் இதில் இருக்கின்றன.

நான் சித்தியவானில் ஒரு டோபி கடையில் வேலை செய்கிறேன். வயது பதினேழு. படிவம் மூன்றோடு பள்ளியை நிறுத்திவிட்டேன். (ஏன் என்று கேட்பவர்களுக்கு: எழுந்து நின்று வாசி என்று ஆசிரியர் சொன்னால் எனக்குக் குரலே எழும்பாது. அம்மாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்ததும் வீட்டில் ஆள் வேண்டும் என்றார்கள். நல்ல காரணம் கிடைத்தது என்று நின்றுவிட்டேன்.) கடையில் துணி இயந்திரம் சுற்றி முடியும்வரை எனக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் படிப்பேன்.

ஈப்போ வாசகர் வட்டம் ஒன்றின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இருக்கிறேன். மாதம் ஒரு புத்தகம் படித்து அங்கே பேசுவார்கள். நான் தட்டச்சு மட்டும் செய்வேன். கோரா வெல்பர்னின் நாவலைப் பற்றி ஒருமுறை கொஞ்சம் நீளமாகவே எழுதிவிட்டேன். குழுவை நடத்தும் சாந்தி அக்கா உடனே பதில் போட்டார்: “மேடம், அடுத்த கூட்டம் நேரில் நடக்கிறது. கோராவின் வாழ்க்கையும் நூல்களும் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும்.” மேடம் என்றது என்னைத்தான். பிறகு தொலைபேசியில் அழைத்தார். மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரிங்க” என்று செய்தி அனுப்பினேன்.

ஏன் சரி சொன்னேன் என்று அன்று முழுக்க யோசித்தேன். இந்த முறையும் மாட்டேன் என்றால் இனி யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள். நானும் அதற்குப் பழகிவிடுவேன். அந்தப் பழக்கம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

கோராவைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்தி எடை போடுபவரின் மகளாகப் பிறந்தவர். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு ஊர்த் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலைக்குப் போனார். ஊரே பேசுவதைக் காதில் வாங்கும் வேலை. அங்கே உட்கார்ந்து எழுதியதுதான் முதல் நாவல், ‘கூரைமேல் பருத்தி’. டயர் கம்பெனிக்கு ரப்பர் வாங்கும் ஒருவரை மணந்து பேராக்குக்கு வந்து இரண்டு வருடம் இருந்தார். ஊர் திரும்பிப் பல காலம் கழித்து அந்த இரண்டு வருடத்தை ‘பதினேழாம் நிரை’ என்ற நாவலாக எழுதினார். நிரை என்றால் தோட்டத்தில் ஒரு ரப்பர் மர வரிசை. அவர் நாட்டின் பெரிய பரிசு அதற்குத்தான் கிடைத்தது. மொத்தம் ஒன்பது நாவல்கள். தமிழில் மூன்று வந்திருக்கின்றன, அதில் இந்தத் தோட்ட நாவல் போன வருடம்தான் வந்தது. ஆள் பெரிய வாயாடி என்று முன்னுரையில் போட்டிருக்கிறார்கள். மொழி தெரியாத ஊரிலும் எல்லோரிடமும் போய்ப் பேசுவாராம். எனக்குக் கடையில் விலை கேட்கவே கூச்சம். எங்கள் இருவருக்கும் ஒரே பொருத்தம் பள்ளியை விட்டதுதான்.

‘பதினேழாம் நிரை’யில் கதை சொல்பவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். நாவல் முழுக்க அவள் பெயர் வராது. கடைசிப் பக்கத்தில், மறுநாள் கப்பல் ஏற வேண்டியவள், விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வந்து நிற்கிறாள். பெரட்டு என்றால் தோட்டத்தில் வேலைக்குப் போகுமுன் எல்லோரையும் நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவது. வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டல் வரிசையாகப் பெயர்களைக் கூப்பிடுகிறார், ரப்பர் மரத்தில் பால்வெட்டும் பெண்கள் குரல் கொடுக்கிறார்கள். கடைசியில் அவர் அவள் பெயரையும் கூப்பிடுகிறார். அதோடு நாவல் முடிந்துவிடுகிறது. என்ன பெயர், அவள் பதில் சொன்னாளா, எதுவும் கிடையாது.

இது கனவுதான் என்று நான் எட்டுப் பக்கம் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். தோட்டத்து வழக்கம் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். எந்தத் தண்டல் பங்களாவில் இருக்கும் துரைசாணியின் பெயரைப் பெரட்டில் கூப்பிடுவார்? வேலை போய்விடுமே!

பேசுவதற்கு முன்னால் அந்தக் களத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் தைரியம் வரும் என்று தோன்றியது. அதுதான் இந்தப் பயணம்.

சென்ற மாதம் இரண்டாவது சனிக்கிழமை, பிற்பகல் இரண்டேகாலுக்குச் சித்தியவானில் பேருந்து ஏறினேன். ஈப்போ ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். கட்டணம் பன்னிரண்டு வெள்ளி (ரிங்கிட்). வழியில் நின்று நின்று போனதால் இரண்டு மணி நேரம் ஆயிற்று. இடது பக்கம் உட்காராதீர்கள், வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது. கூட்டம் மறுநாள் பிற்பகல் இரண்டரைக்கு. இரவு ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் சின்னம்மா வீட்டில் தங்கினேன். தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த சின்னம்மா என் எட்டுப் பக்கத்தையும் கேட்டுவிட்டு, “நல்லாருக்குடி. ஆனா செவுத்தப் பாத்துப் படிக்கிறியே, அங்கயும் செவுரா இருக்கப் போவுது?” என்றார்.

தோட்டம் பத்து காஜாவைத் தாண்டி இருக்கிறது. ஈப்போவிலிருந்து முப்பத்திரண்டு கிலோமீட்டர். பேருந்து கிடையாது. சின்னம்மாவுக்குத் தெரிந்த காதர் அண்ணன் காரில் அழைத்துப்போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவர எழுபது வெள்ளி பேசினார். அவர் குடும்பம் ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறது. மறுநாள் காலையில் கடையில் ரொட்டி போட்டுவிட்டு வந்திருந்தார், கார் முழுக்க நெய் வாசனை.

“பசியாறிட்டியா தங்கச்சி? தோட்டத்துல ஒனக்கு யாரு இருக்கா?”

“யாரும் இல்லண்ணே. ஒரு எழுத்தாளர் இருந்தாங்க.”

“இப்ப எங்க இருக்காங்க?”

“செத்துட்டாங்க.”

அண்ணன் முன்னால் போன லாரியை முந்திவிட்டுத் தலையை ஆட்டினார். “சரிலா. என் பொண்டாட்டி, ஏதோ படத்துல வந்த வீட்டப் பாக்கணும்னு என்னைய பினாங்கு வரைக்கும் ஓட்ட வச்சா. போனா வீடு பூட்டி இருக்கு. நீ எவ்வளவோ தேவல.”

பெரிய சாலையிலிருந்து திரும்பினால் நான்கு கிலோமீட்டர் செம்மண் பாதை. இரண்டு பக்கமும் செம்பனை. ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. ஆள் இல்லாத இடத்தில் தனியாகக் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசி வளைவில் திரும்பியதும் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு கேட்டது. அறுபது, எழுபது கார்கள் நின்றன. ஜொகூர் எண், சிலாங்கூர் எண், இரண்டு சிங்கப்பூர் எண்கள்கூட இருந்தன. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டாலும் மாரியம்மன் கோயிலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை, எங்கெங்கோ போன தோட்டத்து ஆட்கள் எல்லோரும் திருவிழாவுக்கு வருவார்களாம். அந்த ஒரு நாளில் நான் போய் இறங்கியிருக்கிறேன்.

நான் கார்க் கதவைத் திறக்கவில்லை. “அண்ணே, கூட்டமா இருக்கு. திரும்பிப் போலாம்.”

“எழுபது வெள்ளி குடுத்துட்டு எண்ணெப்பன மரத்தப் பாக்கவா வந்த? அது ஜெலாப்பாங்லயே இருக்கு. எறங்குலா.”

இறங்கினேன். பங்களாவில் மிஞ்சியிருப்பது ஏழெட்டுப் படிகள் மட்டும். படி ஏறினால் மேலே ஒன்றும் இல்லை, புல்தான். அதன் கீழே, கோயிலை ஒட்டி, ஒரு சிமெண்டுத் தரை. வெடித்துப்போய், ஓரங்களில் செடி முளைத்திருந்தது. அதுதான் பெரட்டுக் களம். நாவலில் வருகிற அதே இடத்தில், கிணறு வலது பக்கம், படிகள் பின்னால், எல்லாம் சரியாக இருந்தன. நான் ஓரமாக ஒரு வேப்பமரத்தடியில் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பூசை ஒன்பதரைக்கு முடிந்தது. சாப்பாட்டுக்குப் போவார்கள் என்று பார்த்தால், எல்லோரும் களத்தில் வந்து வரிசையாக நின்றார்கள். சேகர் என்கிற ஒருவர் முன்னால் வந்தார். கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவராம். அவருடைய தாத்தா இந்தத் தோட்டத்தில் தண்டலாக இருந்தவர். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அக்கா (பெயர் பூங்கோதை), நான் கேட்காமலே சொன்னார். “சோறு திங்கறதுக்கு முன்னாடி பெரட்டு. அந்தக் காலத்து ஆளுங்க பேர கூப்புடுவாரு. அவுங்க குடும்பத்துல வந்தவங்க சத்தம் குடுக்கணும். குடுக்கலன்னா சோத்துல கறி கெடையாது.”

“காத்தாயி!” என்றார் சேகர் அண்ணன். கையில் தாள் எதுவும் இல்லை.

“வந்தாச்சு!” என்று நான்கு பேர் கத்தினார்கள்.

“குப்பன்!”

அப்பாவின் தோளில் இருந்த ஒரு சின்னப் பெண் “வந்தாச்சு!” என்று கூவினாள். “குப்பன் குட்டையாயிட்டான்லா!” என்று யாரோ சொல்ல, களமே சிரித்தது.

“ராமாயி!”

“வந்தாச்சு!” என்று பூங்கோதை அக்கா என் காதருகே கத்தினார்.

“லேட்டு! அரநாள் சம்பளம் வெட்டு!”

“போன வருசமும் இதையேதான்டா சொன்ன!” என்றார் அக்கா. “நானே நாலு மணிக்கு எந்திரிச்சி வாரேன். வருசா வருசம் எங்க ஆளுக்கு மட்டும் லேட்டு.”

யாரும் குரல் கொடுக்காத பெயர்களுக்கு அவர் “லீவு” என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். இப்படியே முப்பது பெயர்கள் இருக்கும். கேட்கக் கேட்க எனக்கு உள்ளே ஏதோ நடந்தது. இந்தப் பெயர்களை இதே வரிசையில் நான் எங்கே கேட்டேன்? கேட்கவில்லை, படித்திருக்கிறேன். என் கையில் இருக்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்.

அப்போது சேகர் அண்ணன் கூப்பிட்டார்: “கோராம்மா!”

எல்லோரும் லேசாகச் சிரித்தார்கள். இது வழக்கமான சிரிப்பு, ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தில் வருகிற சிரிப்பு என்று பார்த்தாலே தெரிந்தது. யாரும் குரல் கொடுக்கவில்லை. அவர் “லீ…” என்று வாயெடுத்துவிட்டார்.

“வந்தாச்சு!”

என் குரல்தான். அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. களம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. காரில் சாய்ந்து நின்ற காதர் அண்ணன்கூட நிமிர்ந்தார்.

சேகர் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். “யாரும்மா நீ? அந்தத் தொரசாணிக்குப் பேத்தியா? பாத்தா நம்ம கலர்ல இருக்க?”

“இல்லண்ணே. அவங்க புக்க படிச்சவ.”

“என்னா புக்கு?”

அவர்களுக்குத் தெரியாது! கோரா ஒரு எழுத்தாளர், பரிசு வாங்கியவர், உலகமே படிக்கிறவர் என்பது அந்தக் களத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது வேறு. தினமும் விடியற்காலையில் ஒரு வெள்ளைக்கார அம்மா நாயோடு வந்து பெரட்டில் நிற்பார். ஒரு நாள் சேகர் அண்ணனின் தாத்தா விளையாட்டாக அவர் பெயரையும் கூப்பிட்டுவிட்டார். எல்லோரும் மூச்சுவிடாமல் நிற்க, அந்த அம்மா கையைத் தூக்கி “வந்தாச்சு!” என்றாராம். அவருக்குத் தெரிந்த முதல் தமிழ்ச் சொல் அதுதானாம். அன்றிலிருந்து தாத்தா தினமும் கூப்பிட்டார். அந்த அம்மா கப்பல் ஏறிய மறுநாளும் பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டு, பதில் வராமல் கொஞ்சம் தடுமாறி, “லீவு” என்றாராம். “வேலய விட்டு நின்னுட்டா பேர வெட்டிருவாங்க. லீவுன்னா வெட்ட மாட்டாங்க. அதான் அப்படியே விட்டுட்டோம்” என்றார் சேகர் அண்ணன்.

பிறகு ஒலிவாங்கியை என் கையில் கொடுத்தார். “என்னாதான் எழுதியிருக்காங்க, படி பாப்போம்.”

நான் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். முதலில் மெதுவாகத்தான் படித்தேன். காத்தாயி என்று படித்ததும், அந்த நான்கு பேர் “வந்தாச்சு!” என்றார்கள். அதன் பிறகு என்னால் நிறுத்தவே முடியவில்லை. ஒவ்வொரு பெயரையும் நான் படிக்க, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் குரல் வந்தது. கோரா ஒரு பெயரைக்கூட மாற்றவில்லை. ராமாயி என்ற இடத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது: அவள் எப்போதும் எல்லோருக்கும் கடைசியாக, பால்வாளி காலில் இடிக்க இடிக்க ஓடிவருவாள்.

“பாத்தியாலா!” என்று சேகர் அண்ணன் துள்ளினார். “புக்குலயே போட்டிருக்கு, லேட்டுன்னு!”

பூங்கோதை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்க அப்பாவப் பெத்தவ பேரு அமெரிக்காவுல அச்சாயிருக்கா? லேட்டுன்னு இருந்தாலும் பரவால்ல. இன்னொரு தடவ படி.” மூன்று முறை படிக்க வைத்தார்கள். மூன்றாவது முறை எல்லோருடைய கைப்பேசியும் என்னைப் பார்த்து நீண்டிருந்தது. எனக்குக் கூச்சம் வரவே இல்லை. நான் பேசியது என்னைப் பற்றி இல்லை, அதனாலோ என்னவோ.

வாழையிலையில் சோறு, ஆட்டுக்கறி, இரண்டு வகைக் காய். எனக்கும் காதர் அண்ணனுக்கும் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். கறி ஹலால் இல்லை என்பதால் அண்ணனுக்கு அது இல்லாமல் தனியாகப் பரிமாறினார்கள். பன்னிரண்டேமுக்காலுக்குக் கிளம்பினோம்.

காரில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. “அண்ணே, நான் எழுதி வச்சது பூரா தப்பு. கனவுன்னு எட்டுப் பக்கம் எழுதிருக்கேன். மணி ரெண்டரைக்குப் பேசணும். என்கிட்ட ஒண்ணுமே இல்ல.”

“என்கிட்ட சொல்லு. நான் பொறந்ததுல இருந்து ஒரு புக்கும் படிச்சதில்ல. எனக்கு வெளங்கிட்டா அவங்களுக்கும் வெளங்கும்.”

பருத்தியிலிருந்து ஆரம்பித்தேன். தொலைபேசி நிலையம், கல்யாணம், கப்பல், தோட்டம், ஒன்பது நாவல்கள். கோரா எதைப் பற்றி எழுதினாலும் அதில் யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள் என்பது அதைச் சொல்லும்போதுதான் எனக்கே புரிந்தது. முதல் நாவலில் எடைபோடும் இடத்தில், இரண்டாவதில் தொலைபேசியில், பிறகு பெரட்டில். காதர் அண்ணன் சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டார். “எல்லாஞ் சரி. நெசத்துல தெனம் பதில் சொன்னவங்க, புக்குல மட்டும் ஏன் சொல்லல?”

விளக்குப் பச்சையாகிப் பின்னால் கார்கள் ஒலி எழுப்பின. நான் கடைசிப் பக்கத்தை மறுபடி திறந்தேன்.

கூட்டம் ஈப்போ பழைய நகரில் ஒரு கடைவரிசையின் மாடியில். நுழைவு இலவசம். இரண்டு இருபதுக்குப் படியேறினேன். சாந்தி அக்கா வாசலில் நின்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “அம்மா கீழ காடி பார்க் பண்றாங்களா பாப்பா?”

“அம்மா வரலக்கா. நான்தான்.”

“எது நான்தான்?”

“மேடம்.”

அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. உள்ளே நாற்பது பேர். ஆசிரியர்கள், வங்கியில் வேலை செய்பவர்கள், ஒரு பல் மருத்துவர். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சாந்தி அக்கா வரவேற்புரை சொல்லி என் பெயரைக் கூப்பிட்டார்: “யோகேஸ்வரி.”

பழக்கதோஷம். “வந்தாச்சு!” என்று களத்துச் சத்தத்திலேயே கத்திவிட்டேன். அறை அதிர்ந்தது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறீர்கள், இதைப் பற்றித்தான் பேச வந்தேன் என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தேன். பேச்சு அங்கேயே தொடங்கிவிட்டது.

எட்டுப் பக்கத்தையும் பையிலிருந்து எடுக்கவில்லை. இன்று காலை வரை நானும் அதைக் கனவு என்றுதான் நினைத்தேன் என்றேன். பல் மருத்துவர் நானும்தான் என்று கையைத் தூக்கினார். களத்தைச் சொன்னேன், லீவைச் சொன்னேன், கடைசிப் பக்கத்தைப் படித்தேன். பிறகு காதர் அண்ணன் கேட்ட கேள்வியைக் கேட்டேன். நிஜத்தில் தினமும் பதில் சொன்னவர், நாவலில் ஏன் சொல்லவில்லை? அவர் பதில் சொல்லியிருந்தால் கதை அங்கே முடிந்துவிடும். சொல்லாததால்தான் கூப்பிட்ட குரல் அப்படியே நிற்கிறது, புத்தகத்தை மூடிய பிறகும். படிக்கிற யாரோ ஒருவர் பதில் சொல்லட்டும் என்று அந்த இடத்தைக் காலியாக விட்டுப் போயிருக்கிறார். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது என்று சொல்லி நிறுத்தினேன்.

தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று சாந்தி அக்காவைப் பார்த்தேன். அப்போது வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், கார் சாவியைச் சுற்றிக்கொண்டு நின்ற காதர் அண்ணன், “வந்தாச்சு!” என்றார். அதன் பிறகு வந்த கைதட்டலை நான் வர்ணிக்கப் போவதில்லை. சின்னம்மா காணொளியில் பார்த்து அழுதார், அது போதும்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். சாதாரண நாளில் போனால் படிகளும் சிமெண்டுத் தரையும் மட்டும்தான் இருக்கும். அரை மணி நேரம் போதும். செம்பனைக்குள் கைப்பேசி இணைப்பு கிடைக்காது, ஆகவே வந்த காரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். மழை பெய்திருந்தால் அந்த நான்கு கிலோமீட்டரில் சின்னக் கார் சிக்கிக்கொள்ளும். காலை மூடும் செருப்புப் போடுங்கள், அட்டை இருக்கிறது. ‘பதினேழாம் நிரை’யைப் படித்துவிட்டுப் போங்கள், கையிலும் ஒரு பிரதி வைத்திருங்கள். பூங்கோதை அக்கா உங்களையும் ராமாயியின் வரியைப் படிக்கச் சொல்வார்.

முடிந்தால் திருவிழா நாளில் போங்கள். பூசை முடிந்ததும் பந்திக்கு ஓடாமல் களத்தில் நில்லுங்கள். எல்லாப் பெயர்களுக்கும் பிறகு சேகர் அண்ணன் கோராம்மாவைக் கூப்பிடுவார். அடுத்த வருடம் நானும் அங்கே இருப்பேன். ஒருவேளை என் பேருந்து தாமதமாகி நான் வந்து சேராவிட்டால், அவர் லீவு சொல்வதற்குள் நீங்கள் குரல் கொடுத்துவிடுங்கள்.